பண்டெலிஸின் நாற்காலி

காப்பிக்கடை வாசல் மல்பெரி மரத்தடியில் கடலைப் பார்த்துக் கிடக்கும் நீல நாற்காலியில் ஹாலந்துக்காரி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். காலைக் கப்பலில் எங்கள் தீவுக்கு வந்தவள். முப்பது வருஷமாக அது பண்டெலிஸின் நாற்காலி என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? கடையில் எங்கள் பகடைச் சத்தம் நின்றுவிட்டது. கடைக்காரி ஃபோடினி ரேடியோவையும் அணைத்துவிட்டாள். இலைகளுக்கு நடுவே இறங்கும் வெயில் வந்தவளின் வெறுங்காலில் ஆடுகிறது. பண்டெலிஸ் வருகிறார், பார்க்கிறார். பதினோரு நாற்காலிகள் காலியாகக் கிடக்க, மரத்தில் சாய்ந்து நின்றபடி கையிலிருக்கும் மணிமாலையை உருட்டுகிறார். "உக்காருங்கண்ணே," என்கிறான் எங்களோடு பகடை ஆடும் லெஃப்டெரிஸ், மெதுவாக. "எங்கடா உக்கார?" "எதுலயாவது." "எதுலயாவது உக்கார்ற ஆளாடா நான்?" ஃபோடினி அவருடைய காப்பியைக் கொண்டுவந்து, கைப்பழக்கத்தில் அந்த நாற்காலிக்கு முன்னாலேயே வைத்துவிட்டு, செய்த காரியம் உறைத்து அப்படியே நிற்கிறாள். ஹாலந்துக்காரி புன்னகையோடு எடுத்து ஒரு வாய் குடிக்கிறாள். மணிமாலை உருள்வதும் நிற்கிறது. யாரும் மூச்சு விடவில்லை. அவள் மட்டும் கண்ணை மூடி, நீளமாக மூச்சை விட்டு, எங்கள் பாஷையில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொல்கிறாள்: "என்ன அமைதி இங்க. ஒரு வாரம்னு வந்தேன். ஒரு மாசம் இருக்கப்போறேன். இதே நாற்காலியில."