சாக் பரிட்சை

“எங்க வீட்ல சாக் பரிட்சை எழுதப் போறாங்க” என்று டைட்டஸ் பெருமையாகச் சொன்னதும் ஷூ கம்பெனி பஸ்ஸே சிரித்தது.

“சாக் ஒட்டறதுக்குப் பரிட்சையா?” என்றார் பின்சீட்டிலிருந்து மஹபூப் பாஷா. “லேஸ் கட்டறதுக்கு ஒண்ணு வெச்சா சொல்லு தோஸ்த். நானும் எழுதறேன்.”

“வெப்பாங்க பாய், வெப்பாங்க” என்றான் டைட்டஸ், பல்லெல்லாம் தெரிய.

பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஜெனிஃபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஷூவுக்குள் பாதம் படுகிற இடத்தில் ஒட்டும் மெல்லிய துண்டுக்குக் கம்பெனியில் சாக் என்று பெயர். பி.சி.ஏ. முடித்த ஜெனிஃபா மூன்று வருஷமாக அதைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் படிப்பது வேறு. பெரிய பெரிய ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களுக்குள் எவனாவது திருட்டுத்தனமாக நுழைகிறானா என்று ராப்பகலாகக் கண்காணிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே முதல்படி வேலைக்குச் சேர்வதற்கான சைபர் செக்யூரிட்டி தேர்வு அது. அந்த இடத்துக்கு இங்கிலீஷில் எஸ், ஓ, சி என்று மூன்றெழுத்துப் பெயர். சேர்த்துப் படித்தால் சாக். பாழாய்ப்போன அந்த மூன்றெழுத்து, புத்தக அட்டையிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.

பிப்ரவரியில் ஒருமுறை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள். கம்ப்யூட்டர் பரிட்சை எழுதப் போகிறேன் என்று அப்போது பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லியும் இருந்தாள். இது இரண்டாவது தடவை. இதிலும் போனால் புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு, பசை டப்பாவே கதி என்று இருந்துவிடுவதாக முடிவு.

அப்படிப்பட்ட பரிட்சையைத்தான் கட்டின புருஷன் பஸ் முழுக்கச் சிரிக்கிற சமாச்சாரமாக்கி வைத்திருக்கிறான். யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

சாயங்காலம் பள்ளிகொண்டாவில் இறங்கியதும் பிடித்துக்கொண்டாள்.

“தெரியாத விஷயத்த ஏன் பேசறீங்க? இது அந்த சாக் இல்லன்னு எத்தன தடவ சொல்றது?”

“புக்குல அப்படித்தான போட்டிருக்கு? எட்டாங்கிளாஸ் படிச்சவனுக்கு இன்னா தெரியும்?”

“தெரியலன்னா சும்மா இருங்க.”

சும்மா இருந்தானா? மறுநாளே, “சாக் பரிட்சைல பாஸானா சூப்பர்வைசராம்” என்று புதுசாக ஒன்றை அவிழ்த்துவிட்டான். பாஷா அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தார். பஸ் அதற்கும் சிரித்தது.

நான் மேலே போய்விடுவேன் என்று பொறாமை, என்று நினைத்தாள் ஜெனிஃபா. இரண்டு நாள் அவனோடு பேசவே இல்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் படிப்பில் காட்டினாள். பஸ்ஸில் போக வர, சாப்பாட்டு இடைவேளையில் புத்தகமும் கையுமாக இருந்தாள். வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட வாய்விட்டுப் படித்தாள்.

சனிக்கிழமை வேலூரில் தேர்வு.

ஒரு ஊழியர் பெயரில் வெளிநாட்டிலிருந்து லாகின், எச்சரிக்கை வந்திருக்கிறது, என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. பிப்ரவரியில் இப்படி ஒன்றில்தான் அவசரப்பட்டுத் திருடன் என்று போட்டு மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை நிதானமாக வரிவரியாகப் பார்த்தாள். அந்த ஆள் கம்பெனி வேலையாக அங்கேதான் போயிருக்கிறார். பொய் எச்சரிக்கை என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

கடைசிப் பட்டனை அமுக்கியதும் திரையில் வந்தது, பாஸ் என்று.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, மேற்பார்வைக்கு இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து டைட்டஸிடம் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு கறி வாங்கக் கிளம்பிவிட்டான். இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை பஸ் மாதனூர் தாண்டியதும் டைட்டஸ் எழுந்து நின்றான்.

“எங்க வீட்ல பாஸ் பண்ணிட்டாங்க.”

“இனிமே சாக் கோணலா ஒட்டாதுன்னு சொல்லு” என்றார் பாஷா. வழக்கம்போலச் சிரிப்பு.

டைட்டஸ் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“சாக் ஒட்டறதில்ல பாய். செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் சென்டர். பேங்கு, ஆஸ்பத்திரி மாதிரி எடத்துல கம்ப்யூட்டருக்குள்ள எவனாச்சும் பூந்தான்னா மொதல்ல கண்டுபுடிக்கிறது இவங்கதான். லாகின் எங்கேர்ந்து வந்துச்சு, எத்தன தடவ தப்பா பாஸ்வேர்டு போட்டான், எல்லாம் பாக்கணும். நெசமாவே ஆபத்தா, சும்மா அடிச்ச மணியான்னு பிரிக்கணும். அந்தப் பரிட்சைலதான் பாஸ் பண்ணியிருக்காங்க.”

பஸ் மொத்தமும் ஜெனிஃபா பக்கம் திரும்பியது.

“மாஷா அல்லா” என்று எழுந்து கைதட்டினார் பாஷா. அப்புறம் பஸ் முழுக்கக் கைதட்டல். டிரைவர் தன் பங்குக்கு இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஜெனிஃபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவன் உட்கார்ந்ததும் கேட்டாள். “இவ்ளோ தெரியுமா உங்களுக்கு?”

“நீ வாய்விட்டுப் படிக்கிறத கேட்டுக்கினுதான இருக்கேன்.”

“அப்ப ஏன் இத்தன நாளா எல்லார் எதிர்லயும் அப்படிப் பேசி என் மானத்த வாங்கினீங்க?”

டைட்டஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“பிப்ரவரில நீ ஃபெயிலானப்ப பஸ்ஸு மொத்தமும் உன்கிட்ட துக்கம் விசாரிச்சுது. பத்து நாளு நீ இதுல ஏறவே இல்ல, டவுன் பஸ்ல வந்த. சாக் பரிட்சைல ஃபெயிலானா உன்ன யாரு கேக்கப் போறாங்க ஜெனி? சிரிக்கிறவங்க என்னப் பாத்து சிரிச்சிட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்.”