பல்லி சொன்ன பாட்டு

“என் குரல் ஊருக்கே கேட்கும்!” என்று மைக்கில் கத்திப் பாடிவிட்டுப் பூவிழி நிறுத்தினாள். கிட்டார்களும் நின்றன. அந்த இரண்டு நொடி மௌனத்தில் சுவரிலிருந்து பல்லி கத்தியது. டிரம்ஸ் வாசித்த ரூபன், சொன்னது பலிக்கட்டும் என்ற வீட்டுப் பழக்கத்தில், டிரம்மின் விளிம்பில் விரலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டான். அத்தனையும் பதிவாகிவிட்டது.

“சாரி, இன்னொரு டேக் போலாம்” என்றான்.

“பல்லியே சொல்லிருச்சு. இந்த டேக்ல கை வெச்ச, கொன்னுருவேன்!” என்றாள்.

பாட்டு வெளியான பதினோராம் நாள் முதல் கச்சேரி. அதே வரியில் பூவிழி நிறுத்தினாள். ரூபன் விரலை நீட்டுவதற்குள் இருட்டிலிருந்து நானூறு பேர் நாற்காலிக் கைகளில் தட்டினார்கள். அங்கே எந்தப் பல்லியும் கத்தவில்லை. அடுத்த வரியைத் தொடங்க அவர்கள் அவளை விடவேயில்லை.