சிவப்பு வரி

ஆய்வேட்டை நூலகத்தில் கொடுத்தால், எழுதியது மனிதரா மெஷினா என்று அங்கிருக்கும் ஏ.ஐ. பார்த்துச் சொல்லும். மனிதர்தான் என்று அது சான்றிதழ் தராமல் பட்டம் கிடையாது. இன்று கடைசி நாள். என்னுடையதில், மெஷின் எழுதியது என்று பக்கம் பக்கமாகச் சிவப்பு. "சத்தியமா நான்தான் எழுதினேன் மேடம்" என்றேன். நூலகர் தமயந்தி மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இங்கிலீஷ் இவ்வளவு சுத்தமா இருந்தா அது நம்பாதும்மா. அங்கங்க தப்பு போடு. வந்த புதுசுல எழுதுவியே, அந்த மாதிரி." வகுப்பே சிரித்த தப்புகள் அவை. இதே நூலகத்தில், ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் களைந்தவள் நான். இப்போது அதே இடத்தில் உட்கார்ந்து அவற்றைத் திருப்பி வைத்தேன். ஒரு வாக்கியத்தின் காலை உடைத்தால் அதன் சிவப்பு அணைந்தது. "பாத்தியா, இப்பதான் நீ எழுதின மாதிரி இருக்கு" என்றார் மேடம். அந்த மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. பட்டம் வேண்டுமே. மூடும் நேரத்தில் ஒரே ஒரு வரி சிவப்பாக நின்றது. நன்றியுரையின் முதல் வரி: எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "எல்லாரும் எழுதுறதுதானே, எடுத்துடு" என்று மேடம் சாவிக்கொத்தை எடுத்தார். பேக்ஸ்பேஸில் விரலை வைத்துக்கொண்டு, உண்மையிலேயே எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாராவது கல்லூரிக்குப் போயிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன்.