நீலத்துக்கு அடியில்

"ஏமாத்திட்டாங்கம்மா," என்றார் அப்பா.

இந்த வார்த்தை அவர் வாயில் புதிதல்ல. டயர் கடை மேனேஜர். பெட்ரோல் போடும்போது மீட்டர் பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்கிறதா என்று வண்டியை விட்டு இறங்கிப் பார்ப்பார். கடையில் நிறுத்து வாங்கிய தக்காளியை வீட்டில் மறுபடியும் நிறுப்பார். உலகமே தன்னை ஏமாற்றக் காத்திருப்பதாக ஒரு நினைப்பு. ஆனால் இன்றைக்கு அவர் கையில் அத்தாட்சியே இருந்தது.

இளைஞர் சங்கத்தோடு கடல் தாண்டி, வேற்று நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சேவை செய்ய வந்திருந்தார்கள் அப்பாவும், பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகளும். மற்றவர்கள் வேலி கட்ட, தோட்டம் கொத்த, ஒரு வகுப்பறைச் சுவருக்கு பெயிண்ட் அடிக்கிற வேலை இவர்கள் இரண்டு பேருக்கும் வந்தது. அடித்தும் முடித்தாயிற்று. கிளம்புகிற அன்று காலை, கரும்பலகையைத் திரும்ப மாட்டலாம் என்று அப்பா ஆணி அடித்தார். பெயிண்ட் ஒரு சில்லாகப் பெயர்ந்து கீழே விழுந்தது.

மகள் எடுத்துப் பார்த்தாள். இவர்கள் அடித்த நீலத்துக்கு அடியில் பச்சை. அதற்கு அடியில் மஞ்சள். அப்புறம் ரோஸ். அப்புறம் மறுபடியும் ஒரு நீலம்.

"பார்த்தியா? நல்லா இருக்கற சுவருக்கு வருஷா வருஷம் யாரையாவது வரவழைச்சு அடிக்க விட்டிருக்காங்க. லீவு போட்டு, டிக்கெட் போட்டு வந்திருக்கோம். நாம என்ன இளிச்சவாயங்களா?"

"விடுங்கப்பா. கிளம்பற நேரத்துல எதுக்குச் சண்டை?"

அவள் இப்படிச் சொன்னதே பெரிய விஷயம். ஏழெட்டு மாதமாக அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு 'ம்'தான். தப்பு அவர்மேல்தான். மகளுடைய போனைத் திருட்டுத்தனமாகத் திறந்து படித்தார். அதோடு விட்டாரா? தோழி வீட்டுக்கே போன் போட்டுக் கத்தி, பெண்ணின் மானத்தை வாங்கிவிட்டார். தோழியும் விலகிப்போனாள், வீட்டில் பேச்சும் நின்றுபோனது. நடுவில் தூது போய்ப் போய் அம்மாவுக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

"ரெண்டு பேரும் கண்காணாத இடத்துக்குப் போய்த் தொலைங்க. வரும்போது ராசியாயிட்டு வாங்க," என்று சொல்லி, சங்கத்தில் பெயர் கொடுத்ததும் அம்மாதான்.

வந்த புதிதில் இங்கேயும் அதே 'ம்'தான். இரண்டு நாள் கழித்து அது "ரோலரைக் குடுங்க" ஆனது. பிறகு, "ஓரமெல்லாம் தீத்தி வெச்சிருக்கீங்க. தள்ளுங்க, நான் பண்றேன்" ஆனது. அந்த அதட்டலைக் கேட்க அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நேற்று மத்தியானம், பக்கத்தில் பக்கத்தில் நின்று அடித்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார். "அன்னிக்கு உன் போனை நான் தொட்டிருக்கக் கூடாதும்மா. தப்புதான்."

அவளும் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிரஷ் மட்டும் மெதுவாக ஓடியது.

"நீங்க சொல்லுவீங்களான்னுதான் இத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் நெடி என்று சொல்லிச் சமாளித்தார்.

அதெல்லாம் சரி, அதற்காக ஏமாற்றினவர்களைச் சும்மா விட்டுவிட முடியுமா? சில்லை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று டீச்சர் அறைக்குப் போனார். மகள் தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

பள்ளிக்கூடப் பொறுப்பு முழுவதும் அந்த டீச்சரிடம்தான். சின்ன வயசு. அவர் இங்கிலீஷும் அப்பா இங்கிலீஷும் நொண்டிதான். ஆனால் ஒரு சண்டை போட அது தாராளம்.

"இது என்ன மேடம்?" மேஜைமேல் சில்லை வைத்தார் அப்பா.

"பெயிண்ட்."

"அது தெரியுது. அந்தச் சுவருக்கு பெயிண்ட் அடிக்கத் தேவை இருந்துதா, இல்லையா?"

"இல்லை சார்," என்றார் டீச்சர்.

மழுப்புவார், மறுப்பார் என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்த அப்பாவுக்கு அடுத்த கேள்வியே மறந்துவிட்டது. கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு, "அப்புறம் எதுக்கு எங்களை அடிக்க வெச்சீங்க? வராந்தாக் கூரை ஒழுகுது. அதைச் சொல்லியிருந்தா சரி பண்ணிக் குடுத்திருப்போம்ல?" என்றார்.

"கூரைக்கு ஆள் சொல்லியாச்சு சார். அதுவும் இல்லாம, அப்பாவையும் பொண்ணையும் கூரைமேல ஏத்தி விட்டா யார் பதில் சொல்றது?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டீச்சர் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க, சொல்றேன். முதல் வருஷம் அந்தச் சுவருக்கு நிஜமாவே பெயிண்ட் தேவைப்பட்டுது. ஒரு அம்மாவும் பையனும் வந்து அடிச்சாங்க. வரும்போது ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்தவங்க, போகும்போது வாய் ஓயாம பேசிக்கிட்டுப் போனாங்க. எங்க பிள்ளைங்க அதைக் கவனிச்சிருக்காங்க. மூஞ்சியைப் பார்த்துப் பேச முடியாதவங்க சுவரைப் பார்த்துப் பேசிடறாங்க டீச்சர்னு எங்கிட்ட வந்து சொன்னாங்க."

அப்பா மகளைப் பார்த்தார். மகள் குனிந்துகொண்டாள்.

"அடுத்த வருஷம் உங்க சங்கத்துல என்ன உதவி வேணும்னு கேட்டப்ப, அந்தச் சுவரையே சொல்லச் சொன்னது பிள்ளைங்கதான். பேசிக்காம வர்ற ரெண்டு பேரை அந்த வேலையில கோத்து விடறதும் அவங்க யோசனைதான். பெயிண்ட் நெடி போற வரைக்கும் வெளியில வெயில்ல உட்கார்ந்து படிப்பாங்க. ஒருத்தரும் இதுவரைக்கும் முணுமுணுத்தது கிடையாது."

அப்பா மேஜைமேல் வைத்த சில்லைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். "இவ்வளவு கஷ்டம் அவங்களுக்கு எதுக்கு மேடம்? சேவை செய்யணும்னு வந்தது நாங்க ஆச்சே?"

டீச்சர் சிரித்தார்.

"நீங்க மட்டும்தான் செய்யணுமா சார்? எங்க பிள்ளைங்களுக்கும் ஆசை இருக்காதா?"