சத்தமே போடாத வண்டி

புளியமரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது சிவப்புக் கார் நின்றது. பிரேக் பிடித்தது அரங்கநாதனா, அவருடைய குலதெய்வமா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

காலையில், மறியலுக்கு முந்தின கடைசி பஸ்ஸில் அவர் மலை ஏறியபோது இதே மரம் சாலையோரமாக, மரியாதையாக நின்றுகொண்டிருந்தது. இப்போது குறுக்கே படுத்திருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க மறியல். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து வந்து காரைப் பார்த்தது.

அரங்கநாதன் உடனே இறங்கிவிடவில்லை. பார்க்கட்டும். கரும்பு விற்ற காசு மொத்தத்தையும் கொட்டி வாங்கியதே, நாலு பேர் பார்க்கத்தானே.

வெளிநாட்டு வண்டி. பழசுதான், ஆனால் ஓடினால் காற்றுக்கே மூச்சு வாங்கும் என்று தரகர் தங்கதுரை கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தார். நாளை ரிஷிவந்தியத்தில் மைத்துனி மகள் கல்யாணம். சகலை வீரமுத்து அம்பாசடரில் வந்து இறங்குவார். போன கல்யாணத்தில் அவருக்குக் கை வைத்த நாற்காலி போட்டார்கள். பஸ்ஸில் போன அரங்கநாதனுக்குப் பாய் விரித்தார்கள்.

"அம்பாசடர் இன்னாடி, அதுக்கு அப்பன வாங்கியாறேன் பாரு" என்று மனைவி அமிர்தத்திடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

"ரெண்டே கதவாமே. எனுக்கு எடம் டிக்கியிலயா?" என்று கேட்டிருந்தாள் அவள்.

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர். காருக்கு எதைப் பிடித்துப் பார்ப்பது என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், தெரியாது என்று ஆகிவிடுமே. அதனால் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குக் கீழே, இறக்கம் தொடங்குகிற இடத்தில் நின்றிருந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை ஓர் உதை உதைத்து, "ம்... உசுருள்ள வண்டி" என்று தீர்ப்புச் சொன்னார்.

தங்கதுரை அவரை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தார். வண்டி புறப்பட்டது.

சத்தமே இல்லை.

"ஒஸ்தி இஞ்சினுங்க! மட்ட வண்டிதான் கத்தும்!" என்று தங்கதுரை ஜன்னலோரமாகக் கூடவே ஓடி வந்து சொன்னார். அது தனக்கு எப்போதோ தெரியும் என்பதுபோல அரங்கநாதன் தலையாட்டினார்.

வளைவுக்கு வளைவு வேகம் கூடியது. டிராக்டர் ஓட்டிய கால், மிதிக்க எதையோ தேடித் தேடி ஓய்ந்தது. மிதிக்கவே தேவைப்படவில்லை. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டே கீழே வந்து சேர்ந்தார்.

"பெரியவரே, வண்டியத் திருப்புங்க. ஈ காக்கா போவாது" என்றான் மறியலை நடத்திய அன்புச்செல்வன்.

திருப்பினால் மேட்டில் ஏற வேண்டும். அரங்கநாதன் சாவியைத் திருகினார். விளக்கு எரிந்தது. மறுபடி திருகினார். விளக்கு மட்டும்தான் எரிந்தது.

சுற்றிலும் அத்தனை கண்கள்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"திருப்பறதா? ஜனம் ரோட்டுல குந்திக்கினு இருக்கசொல்ல நான் மட்டும் கார்ல போறதா? நாளைக்கு ரிஷிவந்தியத்துல கல்யாணம். அது கெடக்குது. நானும் குந்தறேம்ப்பா!"

கைதட்டல் மலையில் போய் மோதித் திரும்பியது. கார் வைத்திருக்கிற ஒருவர் இறங்கி வந்து மரத்தில் உட்கார்ந்ததை அன்புச்செல்வன் பார்த்ததே இல்லை.

"டேய், இந்த ஒரு வண்டிக்கு மட்டும் வழி வுடுங்கடா! கல்யாணத்துக்குப் போறவரு!"

அவர் வாயைத் திறப்பதற்குள் பத்திருபது பேர் சேர்ந்து மரத்தை இழுத்து ஒதுக்கிவிட்டார்கள். எதிரே உள்ளங்கை மாதிரிச் சமவெளி. கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது.

"வுட்டுக் காட்டுங்க பெரியவரே, வேகத்தப் பாத்துக்கறோம்!"

அரங்கநாதன் ஒதுக்கிய மரத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"மரத்த இழுத்துப் போடுங்கடா! எனுக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமா? கொள்கைன்னா கொள்கைதான்!"

கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரம் பழைய இடத்துக்கே வந்தது. இப்படிப்பட்ட மனிதரின் வண்டியில் கொடியாவது கட்ட வேண்டாமா? கயிறு கோர்ப்பதற்காகப் பேனட்டைத் திறந்தார்கள்.

உள்ளே கருங்கல். கோணி விரித்து, வரிசை பிசகாமல், வண்டியின் மூக்கு தூக்காத அளவுக்குப் பாரம் பார்த்து அடுக்கியிருந்தது.

அரங்கநாதனும் எட்டிப் பார்த்தார். அவருக்கும் அதுதான் முதல் தடவை.

முதலில் பேச்சு வந்தது அன்புச்செல்வனுக்குத்தான்.

"பாத்தீங்களாடா! பெரியவரு வெறுங்கையோட வர்ல. ரோட்ட மறிக்கக் கல்லும் கொண்டாந்துகிறாரு!"

கோஷம் கிளம்பியது. கைக்குக் கை மாறிக் கற்கள் இறங்கி மரத்தையொட்டி வரிசையாயின. கடைசிக் கல்லோடு கோணியும் வந்துவிட்டது. கல் இருந்த இடத்து ஓட்டை வழியாகத் தார்ச்சாலை பளிச்சென்று தெரிந்தது.

"இஞ்சின் எங்கங்க?" என்றார் ஒருவர், ரொம்பப் பணிவாக.

கோஷம் நின்றது. ஒரு வருஷத்துக் கரும்பும், கை வைத்த நாற்காலியும், அமிர்தத்தின் முகமும் அரங்கநாதனின் நெஞ்சுக்குள் ஒருதரம் ஏறி இறங்கின. கனைத்துக்கொண்டார்.

"ரெண்டுத்துக்கும் எடம் பத்தலப்பா. அதான் இஞ்சின மேலயே எறக்கி வச்சிட்டு வந்தேன்."