ஆறாவது பொம்மை

"இந்த வாரத்தோட நான் நிறுத்திக்கறேன். நீ வேணா வந்துக்கோ" என்றாள் அண்ணி, மாலை வகுப்பின் கதவைத் தள்ளியபடி.

நாத்தனாருக்கு இது புதிதில்லை. பேருந்தில் வரும்போதே இரண்டு முறை கேட்டாயிற்று.

இத்தனைக்கும் மண் பொம்மை வகுப்புக்கு அவளை இழுத்து வந்ததே அண்ணிதான். தையல் கடையில் இருபது வருஷமாக அடுத்தவர் அளவுக்கே வெட்டியாயிற்று, ஒன்றையாவது தன் இஷ்டத்துக்குச் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சேர்ந்தாள். இந்த மாதப் பாடம், உள்ளங்கை உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். நாத்தனாருக்கு முதல் தடவையே கைகூடிவிட்டது. அண்ணி செய்த நான்கும், காய்வதற்குள் கழுத்தில் விரிசல் விட்டுத் தலை உருண்டு போயின.

"அண்ணன் கேட்டா என்ன சொல்லப் போறீங்க? நாலு பேர் தலையை எடுத்துட்டு வந்துட்டேன்னா?"

அண்ணி சிரிக்கவில்லை. விலகல் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருப்பதாகச் சொன்னாள். அப்போதுதான் நாத்தனாருக்கு இது வெறும் புலம்பல் இல்லை என்று உறைத்தது.

அறையில் யாரும் இல்லை. பின்பக்கக் குழாயில் ஆசிரியை வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. மேசை மேல் ஒரு தட்டில் ஆறு பொம்மைகள் இருந்தன. எல்லாம் உட்கார்ந்திருக்கும் பெண்கள். பெரும்பாலும் அகன்ற இடுப்பு, தொடை மேல் கைகள். ஐந்துக்குத் தலை தனியாகப் பக்கத்தில் கிடந்தது.

வேறு நாள் வகுப்புக்காரர்கள் செய்ததாக இருக்கும் என்றாள் நாத்தனார். "பாருங்க, உங்க கட்சிக்கும் ஆள் இருக்கு."

அண்ணி குனிந்து பார்த்தாள். கடையில் தையலைப் பார்த்தே தைத்தது யார் என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

"ஆறு பேர் இல்லடி. ஒரே ஆளு. இடதுகைக்காரி."

கட்டைவிரல் இழுத்த தடம் ஆறிலும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டினாள். பிறகு பொம்மைகளைத் தூக்கி வரிசை மாற்றி வைத்தாள். முதலாவதில் இடுப்பே வரவில்லை. இரண்டாவதில் வந்திருக்கிறது, ஆனால் முதுகு கோணல். மூன்றாவதில் அவசரம். நான்காவதின் முதுகில் விரல் ஆழமாகப் பதிந்திருந்தது.

"இங்க அவளுக்குக் கோபம் வந்திருக்கு" என்றாள், ஏதோ தெரிந்தவளைப் பற்றிச் சொல்வது போல. "அஞ்சாவதுல ஆறிட்டா. நிதானமா செஞ்சிருக்கா. அப்பவும் தலை நிக்கலை."

தலை நின்றது ஆறாவதில் மட்டும்தான். அதை அண்ணி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் ஒட்டின தடமே இல்லை.

"தலையைத் தனியா செஞ்சு ஒட்டலைடி இவ. உடம்பு மண்ணுலேருந்தே மேல இழுத்திருக்கா. அஞ்சு தலை போனப்புறம் உக்காந்து யோசிச்சிருக்கா."

அண்ணி பொம்மையைத் தட்டில் வைத்துவிட்டு மேசையருகே உட்கார்ந்தாள். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தாள். இடுப்பை அகட்டி, தோளை ஒடுக்கி, மிச்ச மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தாள். மூக்குக்கு ஒரு கிள்ளு. ஆட்டிப் பார்த்தாள். தலை அசையவில்லை. நாத்தனார் வாங்கி அவளும் ஒரு முறை ஆட்டிப் பார்த்தாள்.

"விட்டா நீங்களே அதை உடைச்சிடுவீங்க, வைங்க" என்று சொல்லியபடி ஆசிரியை வாளியோடு உள்ளே வந்தாள். இருவரையும் விட வயதில் சின்னவள்.

தட்டில் இருந்ததைக் கேட்காமல் தொட்டதற்கு அண்ணி வருத்தம் தெரிவித்தாள். பிறகு, வரிசை மாற்றியதற்கான காரணத்தை ஒவ்வொன்றாக விளக்கினாள்.

"இந்தப் பொண்ணு எந்தக் கிழமை வருது டீச்சர்? நானும் அந்தக் கிழமைக்கே மாறிக்கறேன். அவ பக்கத்துல உக்காந்து செய்யணும்."

ஆசிரியை வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் புது வரிசையை முதலிலிருந்து கடைசி வரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதெல்லாம் நகல்க்கா. இன்னிக்குப் பாடத்துல காட்டலாம்னு கொண்டு வந்தேன். நான் பகல்ல வேலை செய்யற அருங்காட்சியகத்துல, கண் தெரியாதவங்க தொட்டுப் பாக்கறதுக்காக அச்சுல எடுத்தது. அசல் ஏழாயிரம் வருஷத்துக்கு முந்தினது" என்றாள். "அங்க 'தாய்த் தெய்வங்கள், ஆறு'ன்னு சீட்டு எழுதி வெச்சிருக்கோம். ஒரு பொண்ணு ஆறு தடவை உக்காந்து கத்துக்கிட்டிருக்கான்னு எங்க யாருக்கும் தோணவே இல்லை."