என் குரலில் ஒரு போன்

ஆட்குறைப்பு வருகிறது, போன் பேசும் இயந்திரத்துக்கு உன் குரலை எழுதிக் கொடுத்தால் உன் வேலை தப்பும் என்றார்கள். எச்.ஆரில் இருக்கும் நானும் கொடுத்துத் தொலைத்தேன். இப்போது கம்பெனியில் யாரைத் துரத்தினாலும் இயந்திரம் என் குரலில்தான் போன் செய்கிறது. எடுத்ததும், நான் எல்லாரையும் கேட்கிற மாதிரியே, "சாப்டீங்களா?" என்று கேட்கிறது. அயோக்கியர்கள், அதைக்கூட விட்டுவைக்கவில்லை!

என் கணவர் இளம்பரிதிக்கும் அதே கம்பெனிதான். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது, திறக்காத டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, சாப்டீங்களா?"

"அதான் மத்தியானமே கேட்டியே, சுகந்தி." அவர் நிமிரவில்லை. "வேலை போச்சுன்னு அது சொல்ற வரைக்கும் நீதான்னு நெனச்சேன். 'இன்னும் இல்லம்மா, நீ சாப்டியா'ன்னு கேட்டேன்."